டூமுக்கும் அப்போஜிக்கும் சம்பந்தமில்ல

டூம், வுல்ஃபென்ஸ்டைன் 3டி ரெண்டுமே அப்போஜி செஞ்ச கம்ப்யூட்டர் கேம்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அது தப்புங்க. ரெண்டையும் செஞ்சது இட் சாஃப்ட்வேர்ங்கிற கம்பெனி. அப்போஜிங்கிறது டெக்சாஸ்ல ஸ்காட் மில்லர் 1987ல ஆரம்பிச்ச சின்ன கம்பெனி, 1992 மே மாசம் வுல்ஃபென்ஸ்டைன ஷேர்வேரா (முதல் பகுதி இலவசம், மிச்சம் காசுக்கு) வெளியிட்டது அவங்க, செஞ்சது இல்ல. 1993 டிசம்பர்ல வந்த டூம இட் காரங்க தாங்களே நேரடியா வெளியிட்டுட்டாங்க.

அதுக்காக அப்போஜிய லேசா எடை போட்றாதீங்க. முதல் எபிசோட இலவசமா விட்டுட்டு, புடிச்சவங்க காசு அனுப்பி மிச்சத்த வாங்கிக்கிற முறைய மில்லர் தன்னோட க்ரோஸ் கேம்லயே ஓட்டிக் காட்டிட்டாரு, அப்புறம் சாஃப்ட்டிஸ்க்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பாத்துக்கிட்டிருந்த புரோகிராமர் ஜான் ரொமேரோவுக்கு ரசிகருங்க எழுதுற மாதிரி வேற வேற பேர்ல லெட்டர் போட்டு ஆளப் புடிச்சாரு, அதுலேர்ந்து வந்ததுதான் 1990 டிசம்பர்ல வந்த கமாண்டர் கீன் கேம். அந்தக் காசு குடுத்த தைரியத்துலதான் ரொமேரோ, ஜான் கார்மாக் எல்லாம் வேலைய விட்டுட்டு 1991ல இட் சாஃப்ட்வேர தொடங்கினாங்க. எனக்கு இதுதான் அப்போஜியோட பெரிய சாதனையா தெரியுது.

அவங்களே சொந்தமா செஞ்ச கேம் வேணும்னா ட்யூக் நுக்கெம சொல்லுங்க. 1996ல 3டி ரியல்ம்ஸ்ங்கிற பேர்ல ட்யூக் நுக்கெம் 3டி விட்டதும் இதே ஆளுங்கதான்.