கூரை ஏசியின் லட்சணம்

வீடு மாதிரி தங்கிப் பயணிக்கும் வண்டியான மோட்டார்ஹோமின் கூரையில் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி இருக்கிறது என்ற பெருமையெல்லாம் வெயில் ஏறும் வரைதான். உள்ளே இழுக்கும் காற்றை ஒரு பத்துப் பதினோரு டிகிரி செல்சியஸ் குறைத்து விடும், அவ்வளவுதான். வண்டியே கொதித்துக் கிடந்தால் அது என்ன செய்யும், பாவம்? சுவர் இரண்டு அங்குலம் தேறினால் அதிகம். முன்கண்ணாடி வழியாக வெயில் உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சரி, திரை போட்டு மூடியாயிற்று. மைக்ரோவேவையும் வாட்டர் ஹீட்டரையும் கூடவே போட்டால் 30 ஆம்பியர் பிரேக்கர் டப்பென்று விழுகிறது. சாப்பாடா, குளிர்ச்சியா, ஏதாவது ஒன்றுதான்! அப்புறம் அந்தச் சத்தம். ராத்திரி கம்ப்ரசர் நின்று மறுபடி கிளம்பும்போதெல்லாம் கட்டில் வரை அதிர்கிறது. தூக்கம் வந்த மாதிரிதான். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் கொஞ்சம் தேவலை. அதுவும் அடுத்த புழுதிச் சாலை வரை.