100 ஃபிரேம் வரும் என்றார்கள், குமட்டல்தான் வந்தது

விஆருக்கு, அதாவது மெய்நிகர் உலகத்துக்கு, ஒரு கணினி கட்டலாம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். பட்டியல் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். எல்லாப் பாகமும் வந்து, கணினியைக் கட்டி மூடி, விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிய நாலாவது நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதிரடி விளையாட்டு எதுவும் இல்லை. காலியான ஒரு அறை. தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். தலை முதலில் போய்விட்டது, அறை கொஞ்சம் பின்னால் வந்தது.

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "இந்த கிராஃபிக்ஸ் கார்டு போடுங்க, நொடிக்குச் சராசரி 100 ஃபிரேம் வரும்." ஃபிரேம் என்றால் கார்டு வரையும் ஒவ்வொரு படம். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நொடிக்கு 90 படம் காட்டும் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு ஃபிரேம் வரைய 11.1 மில்லிசெகண்ட்தான் அவகாசம். 12 ஆனால் அந்த ஃபிரேம் போச்சு. மேசையில் இருக்கும் மானிட்டரில் இது நடந்தால் கண்ணுக்கே தெரியாது. ஹெட்செட்டில் வயிறு கண்டுபிடித்துவிடும். தொடர்ந்து தவறினால் மென்பொருள் 45-க்கு இறங்கி, நடுவில் வரவேண்டிய ஃபிரேமைத் தானே ஊகித்துப் போட்டுக்கொள்ளும். அப்போது என் கையின் ஓரமெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிந்தது. எங்கே தடுக்கி விழுகிறது என்று காட்டும் அளவீடுகளும் இருக்கின்றன. ஆனால் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பெரிய எண்ணாக ஒன்று இருந்தால் போதும்.

அப்புறம் அந்த "1440பி-யில் பறக்கும்" வசனம். ஐயா, 1440பி என்பது மானிட்டர் கணக்கு, சுமார் 37 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். 4கே மானிட்டரே 83 லட்சம்தான்! இதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. லென்ஸ் படத்தை வளைக்கும். அதை நேராக்க, திரையில் இருப்பதைவிடப் பெரிதாகவே வரைய வேண்டும். 2016-ல் வந்த முதல் வைவ் ஹெட்செட்டின் திரை ஒரு கண்ணுக்கு 1080×1200. கார்டு வரைந்தது 1512×1680. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை. கார்டு வரும் பெட்டி மேல் இதில் ஒரு வரியாவது இருக்கிறதா?

பெட்டி மேல் இருக்கும் பெயரையாவது நம்பலாமா? என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு ஞாபகம் இருக்கிறதா? 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்கியவர்கள் பாவம். உள்ளே கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கையே 1152, 1280 என்று வேறு வேறு. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வேறு சிப்புகளை அறிவித்தார்கள். ஊரே திட்டியபின் சின்னதை வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி விற்றார்கள். பெயர் வைப்பவர்களைப் பிடித்து இந்த ஹெட்செட்டை மாட்டிவிட்டு, 45 ஃபிரேமில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கவேண்டும்.

சரி, கார்டுதான் பிரச்சினை என்று படத்தின் தர அமைப்புகளைக் குறைத்து அதைச் சமாளித்தேன். அடுத்து ஹெட்செட்டைச் செருகும் யுஎஸ்பி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'டுடுங்' என்று ஒரு சத்தம், படம் உறைந்துவிடும். மதர்போர்டின் பின்னால் எட்டுத் துளை இருக்கிறதே என்று பெருமைப்பட்டிருந்தேன். அதில் பல ஒரே வாய்க்காலில் பங்கு போடுபவை என்று வாங்கும்போது யார் சொன்னார்கள்? மேசைக்கு அடியில் படுத்து, போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றிச் செருகி, ஆறாவதில் நின்றது. அதன் மேல் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதியிருக்கிறேன்.

இதில் கொடுமை, எந்தக் கேபிள் வேண்டும் என்பதே ஹெட்செட்டுக்கு ஹெட்செட் மாறும். இண்டெக்ஸ் என்ற ஹெட்செட்டுக்கு, கார்டிலிருந்து படம் வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இல்லாமல் முடியாது. குவெஸ்டுக்கு அது தேவையே இல்லை; படத்தைச் சுருக்கி யுஎஸ்பியிலோ வைஃபையிலோ அனுப்பும், அந்தச் சுருக்கும் வேலையும் கார்டின் தலையில்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கேபிள் என்று 2018-ல் விர்ச்சுவல்லிங்க் வந்தது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கார்டுகளில் அதற்கென்று துளைகூட வைத்தார்கள். அடுத்த வரிசையில் அந்தத் துளையையே காணோம்.

நேற்று சித்தி பையன் ஒரு பட்டியல் அனுப்பினான். "அண்ணா, விஆருக்கு இது ஓகேவா பாருங்க." பிராசசர், ரேம், கேபினட் விளக்கின் நிறம் வரை எல்லாம் இருந்தது. ஹெட்செட் எதுடா என்றேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்ணா."