அந்தக் கறுப்புப் புழு பொறிவண்டின் குஞ்சு

வசந்தத்தில் ரோஜாத் தளிரில் ஊரும் முள்ளு முள்ளான கறுப்புப் புழுக்கள் இலையைத் தின்பவை, கண்டதும் மருந்தடியுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அடிக்காதீர்கள். நீண்ட உடல், ஆறு கால், முதுகில் ஆரஞ்சுப் புள்ளி என்று அவர் சொல்லும் அடையாளமெல்லாம் பொறிவண்டின் புழுவுடையது.

தளிரைச் சுருட்டுவது அங்கே கும்பலாக ஒட்டியிருக்கும் அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி. புழு அதைத் தேடித்தான் வருகிறது. கூட்டுப்புழுவாவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். நேற்றுக் காலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் அசுவினியைக் கவ்வி, சாற்றை உறிஞ்சி, வெறும் தோலை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை!

மருந்தடித்தால் இரண்டும் சாகும். ஆனால் அசுவினி இணைசேராமலே குட்டி போடும், சில நாளில் திரும்பிவிடும். முட்டை பொறிவண்டாக வாரக்கணக்கில் ஆகும்.

இலை தின்னும் பொறிவண்டும் உண்டு என்பது உண்மைதான். கத்தரி, உருளைக்கிழங்குச் செடிகளுக்கு வரும் 28 புள்ளி வண்டு அது. அதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முள்ளோடு இருக்கும். நரம்பு மட்டும் மிஞ்சும்படி இலையைச் சுரண்டியிருக்கும். ரோஜாவில் நீங்கள் பார்ப்பது அது இல்லை.