இலவச இதய அறுவை: சில குழந்தைகள் திருப்பி அனுப்பப்படுவது ஏன்?

வளரும் நாடுகளின் குழந்தைகளுக்கு இலவசமாக இதய அறுவை சிகிச்சை செய்யும் தொண்டு அமைப்புகள், வெற்றிக் கணக்கைக் கூட்டிக் காட்டவே நோய் முற்றிய குழந்தைகளைத் திருப்பி அனுப்புகின்றன என வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி, மருத்துவக் காரணத்தை மறைத்துவிடுகிறது.

இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய துளை இருந்தால், ரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்கித் தாங்கி, அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர்கள் நாளடைவில் தடித்து இறுகிவிடும். அந்நிலையை எட்டிய பிறகு, திணறும் வலப்புற அறைக்கு அந்தத் துளையே வடிகாலாக இருப்பதால், அதை அடைத்தால் வலப்புற இதயம் செயலிழந்து குழந்தை இறக்கக்கூடும். இந்நிலையில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் துளை வழியே உடலுக்குள் கலப்பதால் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். ஆனால் அப்படி நீலம் பாரித்த எல்லாக் குழந்தைகளும் இந்நிலையில் இருப்பதில்லை. பிறவியிலேயே இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்திருக்கும் ஃபாலோ நாற்குறைபாடு போன்றவற்றுக்கு அறுவை செய்யலாம். எனவேதான் இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோவும், தேவைப்பட்டால் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் கதீட்டர் சோதனையும் செய்த பிறகே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். பணம் கட்டிச் சிகிச்சை பெறுவோருக்கும் இதே அளவுகோல்தான்.

வசதிக் குறைவால் மறுக்கப்படுவதும் உண்டு, அதை மறைப்பானேன்? சில நாட்கள் மட்டும் தங்கிச் செல்லும் மருத்துவக் குழுவால், ஆண்டுக்கணக்கில் பல கட்டங்களாகச் செய்ய வேண்டிய அறுவைகளைத் தனியே நிறைவேற்ற முடியாது. உள்ளூரிலேயே நிலையாக இயங்கும் மையங்களுக்கு இந்தத் தடை குறைவு. இதய அறுவை மருத்துவர் மக்தி யாக்கூப் எகிப்தின் அஸ்வானில் 2009-இல் தொடங்கிய இதய மையம் அத்தகையது, அங்கே சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.