ஒரு சொட்டா, ஒரு டிராப்பரா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பினாங்கு ஜெலுத்தோங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு அப்போது ஏழு வாரம். அம்மா பேரனை மடியில் கிடத்தி, டிராப்பரில் 1 மி.லி. கோடு வரைக்கும் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். டிராப்பர் பழசு, பாட்டில் புதுசு. பக்கத்தில் மேசையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அடைப்பான், கத்தி நுனியால் நெம்பி எடுத்தது.

"என்னம்மா இது?"

"வைட்டமின் டி. தினம் ஒரு டிராப்பர்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கா. பழசு முடிஞ்சுபோச்சு, இது ஆன்லைன்ல வாங்குனது. ஒழுகுற பைப்பு மாதிரி ஒவ்வொரு சொட்டா விழுது, அதான் மூடியைப் பேத்துட்டேன்."

பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தேன். பழைய பாட்டிலில் 1 மி.லி.க்கு 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). புதியதில் ஒரே ஒரு சொட்டுக்கு 400 ஐ.யூ. ஒரு மில்லியில் சுமாராக 30 சொட்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 12,000. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,000 ஐ.யூ. என்று அமெரிக்க நிபுணர் குழு 2010இல் வரம்பு வைத்திருக்கிறது. முந்தின நாள் ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்தாயிற்று என்று அம்மா சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

டாக்டருக்குப் போன் அடித்தோம். ஒரு தடவைதான் போயிருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். சில நாளைக்குச் சொட்டு மருந்தே வேண்டாம். வாந்தி, பால் குடிக்க மறுப்பது, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சோர்ந்து கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். வைட்டமின் சி அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். டி அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். வாரக்கணக்கில் அளவு தப்பினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில்தான் கொண்டுபோய் விடும். நல்ல வேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை எழுதினால் "அப்போ அந்த மருந்தே வேண்டாம், பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?" என்று யாராவது கேட்பீர்கள். எங்கள் பெரியம்மா கேட்டாயிற்று. வெயில் இருக்கிறதுதான், ஆனால் பத்தியம் இருக்கும் வீட்டில் பிள்ளையை எங்கே வெளியே விடுகிறோம்? ஜன்னலோரம் படுக்க வைத்தால் போதும் என்பார்கள். வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டிவிடுகிறது, எட்டு மணி இளவெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிறத்துத் தோலுக்கோ இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். அதற்காக உச்சி வெயிலில் காட்டவும் முடியாது. ஆறு மாதம் ஆகும்வரை நேர் வெயிலே கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பேச்சு.

தாய்ப்பாலில் கிட்டத்தட்ட எல்லாம் இருக்கிறது, ஆனால் வைட்டமின் டி குறைச்சல். லிட்டருக்கு நூறு ஐ.யூ.கூடத் தேறாது. அதனால்தான் பிறந்த சில நாளிலிருந்தே தினம் 400 ஐ.யூ. என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008இல் சொன்னது. அதற்கு முன்பு 200தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால் மாவில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், நாளைக்கு ஒரு லிட்டராவது குடிக்கிற பிள்ளைக்குத் தனியாகத் தேவைப்படாது. குறைமாதப் பிள்ளை என்றால் கணக்கே வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆக மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அம்மா மேலும் இல்லை. வசம்பைச் சுட்டு, கல்லில் உரசி, சங்கில் ஊற்றி எங்கள் நாலு பேரையும் வளர்த்தவர். அவர் கைக்கு அளவு தெரியும். ஆனால் அந்த பாட்டிலின் அளவு கைக்குத் தெரிகிற விஷயம் இல்லையே. எனக்குக் கோபம் "ஒரு டிராப்பர்" என்கிற அந்த வார்த்தை மேல். டாக்டரும் அப்படியே சொல்கிறார், நர்ஸ் மிஸ்ஸியும் அப்படியே சொல்கிறார், தங்கையும் அப்படியே சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள். டிராப்பர் என்ன அளவா? 400 ஐ.யூ.க்கு மேல் கொள்கிற டிராப்பர்களால் ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இலேயே எச்சரித்துவிட்டது. ஆனாலும் ஒரே அலமாரியில் சொட்டுக் கணக்கும் மில்லிக் கணக்கும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. போதாததற்குச் சில லேபிளில் ஐ.யூ.வே இருக்காது, மைக்ரோகிராம்தான். 10 மைக்ரோகிராம் என்றால் 400 ஐ.யூ. இதை எத்தனை பாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

இன்னொன்று, வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை தடவை மருந்து போகும். காலையில் தங்கை கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. மல்டிவிட்டமின் சொட்டிலும் டி இருக்கிறது, யாரோ அன்பாக வாங்கி வந்த மீன் ஈரல் எண்ணெயிலும் இருக்கிறது. ஆன்லைன் மலிவில் வாங்கும்போது சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் வாங்கிய பாட்டிலில் இரண்டுமே இல்லை. தேசிய நச்சு மையம் 1994லிருந்து இதே தீவில், யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்தில்தான் இருக்கிறது. அளவு கூடிப்போனால் போன் போட்டுக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்கே இந்தக் கூத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது தங்கை வீட்டில் ஃபார்மசியில் வாங்கிய ஒரே பாட்டில், அதன் பெட்டியிலேயே வந்த டிராப்பர். லேபிளுக்கு மேலே மார்க்கரில் "1 மி.லி. = 400, காலை மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கொடுத்தவர் சமையலறைத் தினக்காட்டித் தாளில் ஒரு டிக் போட வேண்டும். முந்தாநாள் போனபோது டிக் பக்கத்தில் அம்மா நேரத்தையும் எழுதி வைத்திருந்தார்: 8.10. அன்றைக்கு ராகு காலம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம். சரி, கொடுக்கட்டும்.