பூங்காவுக்கு ஒரு மணித்தியாலம், புடவைக்கடைக்குக் கணக்கில்லை

எங்கள் சுற்றுலாவில் எடுத்துப் போட்ட அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இனி இருக்கமாட்டீர்கள். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்கா வாசலில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, ஆறுதலாக நடந்து வருகிற அந்த வயதான மனுசி என் அம்மா. பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். கீழே விழுந்த சிரிப்புக் குறிகளையும் 'பட்டிக்காடு' என்ற நக்கலையும் பார்த்தபிறகு முடியவில்லை.

சுற்றுலா ஒழுங்கு செய்தவர்கள் அந்தப் பூங்காவுக்குக் கொடுத்தது ஒரு மணித்தியாலம். 147 ஏக்கருக்கு! மகாவலி வளைத்து ஓடுகிற இடம், 1821-இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிவைத்து 200 வருடம் தாண்டிய தோட்டம். ஒரு மணித்தியாலத்தில் றோயல் பாம் வரிசையில் நின்று படம் எடுக்கலாம், கழிப்பறைக்குப் போய் வரலாம். தோட்டம் பார்க்க முடியாது.

அம்மா எங்கே பிந்தினார் தெரியுமா? நாகலிங்க மரத்தடியில். 1901-இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் வந்து நட்ட மரம் அது. அம்மாவுக்கு ராசா எல்லாம் ஒரு பொருட்டில்லை, அடிமரத்திலேயே பூத்திருந்த நாகலிங்கப் பூவைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு இரட்டைத் தேங்காய் மரம். சீசெல்ஸ் தீவுச் சாதி, உலகத்திலேயே பெரிய விதை, காய் முற்ற ஆறேழு வருடம் என்றேன். "ஒரு காய்க்கோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குள் ஹோர்ன்.

'ஓராளுக்காக பஸ் முழுக்கக் காத்திருக்கிறதோ?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கண்டியில் புடவைக்கடைக்குள் போனவர்கள் வெளியே வரும்வரை இதே அம்மா பஸ்ஸுக்குள் வெக்கையில் இருந்தார். அப்போது யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை, வீடியோவும் எடுக்கவில்லை.

'மரம் பார்க்கக் காசு கொடுத்துப் போக வேணுமோ, ஊரில் இல்லாத மரமா?' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார், அதற்கு நிறைய விருப்பக்குறிகள் வேறு. தம்பி, எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண்ணில் சாதிக்காய் மரம் காட்டுங்கள் பார்ப்போம். பேராதனைப் புல்வெளி முழுக்கக் கிளை விரித்துப் படுத்திருக்கிற அந்த ஜாவா அத்தியைப் போல ஒன்றை எந்தச் சந்தியில் விட்டுவைத்திருக்கிறோம்? சரி, ஊர் மரத்துக்கே வருவோம். சண்டைக் காலத்தில் பங்கருக்கு, அதுதான் பதுங்குகுழிக்கு, மேலே அடுக்க வளவுத் தென்னைகளைத் தறித்தபோது அழுதவர் அம்மா. 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கும்போதும் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். அன்று உயிர் காக்கத் தறித்தோம். இன்று எதற்குத் தறிக்கிறோம்? சருகு கூட்டப் பஞ்சி என்று மாமரத்தைத் தறித்து, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்து, பின்னேரம் வீட்டுக்குள் இருக்க ஏலாமல் ஏசி பூட்டுகிறோம். அப்படிப்பட்ட நாங்கள்தான் மரத்தடியில் நின்றவரைப் பட்டிக்காடு என்கிறோம்.

'பகிடிக்குப் போட்டது, பெரிசாக எடுக்காதீர்கள்' என்பவர்களுக்கு மறுமொழி இல்லை. உங்கள் அம்மாவைப் போட்டுச் சிரியுங்கள்.

அடுத்த முறை சின்ன வான் ஒன்று பிடித்து, காலையில் கதவு திறக்கும்போதே அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பூட்டும்வரை இருப்போம். ஓர்க்கிட் வீட்டுப் பக்கம் இன்னும் போகவே இல்லை. புடவைக்கடைக்கு நீங்கள் பஸ்ஸில் போங்கள்.