“அந்தப் பக்கம் எங்கே இருக்கு?”

கனடிய நடிகர் எலியட் பேஜ் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ‘பேஜ்பாய்’ புத்தகத்தை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் கையில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: யார் யாரோடு பழகினாராம், அது எந்தப் பக்கத்தில் இருக்கு? ஒருவர் வெடுக்கென்று பிடுங்கி, நடுவில் நாலு பக்கம் புரட்டி, தெரிந்த பெயர் எதுவும் சிக்காததால் “சப்புன்னு இருக்கே” என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எலியட் பேஜ் வாழ்க்கையில் நடந்தது என்ன தெரியுமா? 2007ல் அவர் முக்கிய வேடத்தில் நடித்த ‘ஜூனோ’ படம் டொராண்டோ திரைப்பட விழாவுக்குப் போகிறது. அவருக்கு வயது 20, அப்போது ஊர் அவரைப் பெண்ணாகத்தான் பார்த்தது. சூட் போட்டுக்கொள்கிறேன் என்கிறார், அதெல்லாம் முடியாது, கவுன்தான் என்று படநிறுவனத்தார் அவசர அவசரமாகக் கடைக்கு இழுத்துப்போகிறார்கள், ஆனால் கூட நடித்த மைக்கேல் செரா சாதாரண பேண்ட்டும் ஷூவுமாக வந்து நின்றபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரை. ஊரே கைதட்டுகிறது, கைதட்டல் கூடக் கூட இவருக்கு உள்ளே மூச்சு முட்டுகிறது. 2014ல் தற்பாலீர்ப்பாளர் என்று மேடையேறிச் சொன்னார். திருநம்பி, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்பவர், என்று சொல்ல 2020 டிசம்பர் வரை ஆனது. இடையில் கிட்டத்தட்ட ஏழு வருடம்! இதைத்தான் “விளம்பரத்துக்குப் பண்றது” என்கிறார்கள். பேரும் புகழும் ஏற்கெனவே கொட்டிக்கிடந்தவருக்கு எதற்கய்யா இந்த விளம்பரம்? அந்தப் புகழ்தானே அவரைக் கவுனுக்குள் திணித்தது?

இன்னொன்று. “அவள் இப்ப என்ன பண்றா?” என்று பழைய பெயரையும் சேர்த்துக் கேட்கிறார்கள். தமிழில் ‘அவர்’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் யாருக்கும் பொருந்தும், மரியாதையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரை அவர் என்கிறோம், மேலதிகாரியை அவர் என்கிறோம். இவருக்கு மட்டும் வாய் வரவில்லை என்றால் அது மொழியின் குறையா?

சம்பவங்கள் வரிசையாக இல்லை, முன்னும் பின்னும் ஓடுகிறது என்றும் ஒரு புகார். அதிலாவது கொஞ்சம் நியாயம் உண்டு, எனக்கும் முதல் சில அத்தியாயங்களில் தடுமாறியது. அப்புறம் பழகிவிட்டது, வலியை யார் தேதி போட்டு அடுக்கி வைக்கிறார்கள்?

புத்தகம் வேண்டுமென்றால் தருகிறேன். முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதானால் மட்டும் கேளுங்கள்.